நம் வீட்டு ஓட்டு

ஸ்ரீராம்புரம்,
ஜனவரி 1967

நான்காவது முறையும் தேர்தலில் நிற்கும் என் வீட்டுக்காரருக்கு,

சாப்பாட்டுக் கேரியரோடு இதையும் அனுப்புகிறேன்.

முதல் தேர்தலுக்குப் பட்டியல் எழுத வந்தவரிடம், “பேரு எதுக்கு சார்? என் சம்சாரம்னு எழுதிக்கோங்க” என்றீர்கள். பெயரில்லாதவளுக்கு ஓட்டு இல்லை என்று என்னைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீங்கள் ஜெயித்தீர்கள்.

அடுத்த இரண்டு தேர்தலுக்கும் நானே பெயரைச் சொல்லிப் பதிந்து, ஓட்டும் போட்டேன். அப்போதும் ஜெயித்தீர்கள். ஆனால் யாருக்குப் போட்டேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தெரிந்துகொள்ள ஆசையே இல்லையா? எனக்கு அதுதான் ஆச்சரியம்.

நேற்று எதிர்வீட்டு காந்தாவிடம் கைகூப்பி, “என்ன குறைன்னாலும் சொல்லும்மா” என்றீர்கள். அப்புறம் நம் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனீர்கள்.

நாளைக்கு நம் கதவையும் தட்டுங்கள். யோசித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தொகுதி வாக்காளர்