மாம்பலத்தில் நாலு மணி நேரம்

தாடிக்கொம்பு,
வைகாசி 20

அன்பு மகன் மணிமாறனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. சிங்கப்பூரில் நீயும் மருமகள் கௌசல்யாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும், இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். தினம் போனில் பேசுகிறோம், இதென்ன புதிதாகக் காகிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், அவளை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பொம்மையனின் மருமகன் ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்புகிறார், அவர் கையில் கௌசல்யாவுக்குச் சேலையும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்துவிடுகிறோம், சேலை மடிப்புக்குள் இது இருக்கும். நாங்கள் ஊரில் இல்லாத பதினாலு நாளும் பொம்மையன்தான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டான். மல்லி கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடக்கிறது, விலைதான் படுத்துவிட்டது. செவலை மாடு கன்று போட்டிருக்கிறது, காளைக்கன்று.

காசி, கயா, அயோத்தி எல்லாம் போட்டோவில் பார்த்திருப்பாய். சென்னையில் நடந்ததை மட்டும் நாங்கள் உன்னிடம் சொல்லவில்லை. யாத்திரை ரயில் எங்களைச் சென்னையில் இறக்கிவிட்டது வியாழக்கிழமை, ஊருக்கு டிக்கெட் சனிக்கிழமை மத்தியானம், நடுவில் இரண்டு நாள் எழும்பூரில் ஒரு லாட்ஜில் தங்கினோம். வெள்ளிக்கிழமை மாம்பலம் போய்க் கௌசல்யாவுக்குச் சேலை எடுக்கலாம் என்றாள் உன் அம்மா. எனக்குக் காலெல்லாம் வலி, திட்டிக்கொண்டேதான் கிளம்பினேன். அவளுடைய போனை ரூமிலேயே வைக்கச் சொன்னது நான். நான் ஒன்று வைத்திருக்கிறேனே, இரண்டு எதற்கு, கூட்டத்தில் தொலைப்பாய் என்றேன். பணம், ரூம் சாவி எல்லாம் என்னிடம். எலக்ட்ரிக் ட்ரெயினில் நல்ல கூட்டம், மாம்பலம் வந்ததும் நான் முண்டிக்கொண்டு இறங்கிவிட்டேன், பின்னால்தான் வருகிறாள் என்று நினைத்துப் பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தால் வண்டி நகர்கிறது, கதவை அடைத்து நிற்கிற கூட்டத்துக்குள் அவள் கை மட்டும் தெரிந்தது. மணி பதினொன்றரை இருக்கும்.

அடுத்த வண்டியைப் பிடித்துச் சைதாப்பேட்டையில் இறங்கினேன், அங்கே இல்லை. அதற்கும் அடுத்த ஸ்டேஷன் கிண்டி, அங்கே பிளாட்பாரத்தில் ஒரு இடத்தில் கூட்டமாக நிற்கிறார்கள், நடுவில் ஒரு பொம்பளை விழுந்து கிடக்கிறாள், செருப்புக் கால் மட்டும் தெரிகிறது. ஆட்களைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தேன், வேறு யாரோ, வெயிலில் மயங்கி விழுந்திருக்கிறார்கள். அப்பாடா என்று இருந்தது, உடனே அப்படி நினைத்தோமே என்றும் இருந்தது. உன் அம்மாவுக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அவளுக்கும் இப்படித்தான் ஆகும், இட்லி சாப்பிட்டது காலை ஏழு மணிக்கு.

மறுபடி மாம்பலம் வந்து அங்கே நின்ற பெண் போலீஸிடம் சொன்னேன். நல்ல பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டது. பெயர் பழனியம்மாள், வயது ஐம்பத்தாறு என்றேன். என்ன கலர் சேலை ஐயா என்று கேட்டது. எனக்குத் தெரியவில்லை மணி. காலையிலிருந்து கூடவேதான் இருக்கிறேன், எம்புட்டு யோசித்தும் வரவில்லை. போட்டோ காட்டுங்கள் என்றது. போனில் தேடினால் காசியில் நான் நிற்கிற போட்டோ இருக்கிறது, கோயில் இருக்கிறது, படகு இருக்கிறது, அவள் எல்லாவற்றிலும் ஓரமாகப் பாதி முகம்தான். அம்மாவுக்கு லாட்ஜ் பெயர் தெரியுமா என்று கேட்டது. அவளுக்கு நான் சொல்லவே இல்லை. அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டது, அவ்வளவுதான், எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

உனக்குப் போன் போடலாம் என்று எடுத்தேன், கௌசல்யா இருக்கிற நிலைமையில் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். பிறகு ரங்கநாதன் தெருவில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நடந்தேன், ஐம்பது வயதுப் பொம்பளை யாரைப் பார்த்தாலும் முன்னால் போய் முகத்தைப் பார்த்தேன், ஒருத்தி திட்டியே விட்டாள். அவள் இல்லாமல் ஊருக்குப் போய் இறங்கினால் பொம்மையனிடம் என்ன சொல்வேன், உன்னிடம் என்ன சொல்வேன் என்றே ஓடிக்கொண்டிருந்தது. மூணேகால் மணிக்குப் போன் அடித்தது. எடுத்தால் திண்டுக்கல் பூ மார்க்கெட் கமிஷன் கடை கிதர் முகம்மது பாய். அண்ணே, மதினி ஸ்டேஷனுக்கு மேற்கே, அந்தப் பக்கத்துப் படிக்கட்டுக்கிட்ட பூ விற்கிற ஒச்சம்மாள்கிட்ட உட்கார்ந்திருக்காங்க, நீங்க எங்கே சுத்திக்கிட்டு இருக்கீங்க என்றார்.

நடந்தது இதுதான். உன் அம்மா சைதாப்பேட்டையில் இறங்கி, எதிர்ப் பக்க வண்டிக்கு வழி கேட்டுப்போய், நான் அங்கே தேடி வந்த அதே நேரத்தில் மாம்பலத்துக்கே திரும்பிவிட்டாள். அங்கே என்னைக் காணவில்லை. ஒச்சம்மாள் உசிலம்பட்டிக்காரி, பேச்சை வைத்தே நம்ம பக்கத்து ஆள் என்று கண்டுகொண்டு பக்கத்தில் உட்காரவைத்து, வாங்கி வைத்திருந்த தயிர்ச்சோற்றில் பாதியைக் கொடுத்திருக்கிறாள், போனையும் கொடுத்திருக்கிறாள். உன் நம்பர், என் நம்பர் எதுவும் அவளுக்கு மனப்பாடம் இல்லை. தினமும் பூ விலை கேட்டு அடிக்கிற பாய் நம்பர் ஒன்றுதான் விரலுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை, பாய் ஜும்மாவுக்குப் போனவர் போனை அணைத்துவிட்டு, சாப்பிட்டுத் தூங்கி எழுந்துதான் போட்டிருக்கிறார். ஒரு மணியிலிருந்து மூணு மணி வரைக்கும் இருபது தடவை அடித்திருப்பாள். அம்புட்டு நேரமும் ஒச்சம்மாளுக்குப் பூக் கட்டிக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

நான் ஓடிப்போய் நின்றதும் மடியில் இருந்த பூவை எடுத்துவைத்துவிட்டு எழுந்தாள். பச்சைச் சேலை. அழவில்லை. ஒரு அடி பின்னால் போய், "திட்டாதீங்க, வாசலுக்கு வாரதுக்குள்ள வண்டிய எடுத்துட்டான்" என்றாள். ஒச்சம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். நாலு மணி நேரம் அந்த ஊரில் கையில் காசில்லாமல் இருந்தவளுக்கு, என்னைப் பார்த்ததும் வந்த பயம் அது. ரூமுக்குப் போவோமா என்றதற்குச் சேலை எடுக்காமல் வரமாட்டேன் என்று முன்னால் நடந்தாள். கௌசல்யாவுக்கு வந்திருப்பது அந்தச் சேலைதான்.

மறுநாள் ரயிலில் விழுப்புரம் தாண்டியதும் கலர் கேட்டதையும் எனக்குத் தெரியாமல் போனதையும் அவளிடம் சொன்னேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலை.

இனிமேல்தான் எழுதவந்த விஷயம். கௌசல்யாவுக்குத் தாய் இல்லாத குறை, பேறுகாலத்துக்கு அம்மா வந்து மூணு மாசம் இருக்கட்டும் என்று மாசி மாதம் அவள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் கேட்டாய். விமானம் என்றாலே அவளுக்குப் பயம், வர இஷ்டமில்லை என்கிறாள், அந்தப் பேச்சை எடுத்தால் சங்கடப்படுவாள், அவளிடம் கேட்காதே என்று நான் சொன்னேன். அது பொய். நான் அவளிடம் கேட்கவே இல்லை. நீ கூப்பிட்டதே அவளுக்குத் தெரியாது. மூணு மாசம் எனக்குச் சோறு யார் ஆக்குவது, விடியலில் பூப் பறிக்க ஆள் யார் என்று மட்டும் பார்த்தேன். மகன் ஒரு வார்த்தை கூப்பிடவில்லையே என்று பொம்மையன் பெண்டாட்டியிடம் சொல்லி அழுதாளாம், திரும்பி வந்தபிறகுதான் என் காதுக்கு வந்தது.

நீ அவள் நம்பருக்கு நேராக அடித்து அவளைக் கேள். என்ன பதில் சொல்கிறாளோ அதன்படி செய், என்னைக் கேட்காதே. அதற்கு முன்னால் நானே அவளிடம் இதைச் சொல்லியாகவேண்டும். நாலு நாளாகச் சொல்ல வாய் எடுத்து எடுத்து, மோட்டாரைப் பார்த்துவிட்டு வாரேன் என்று எழுந்து போய்விடுகிறேன். உன் கைக்கு இது வந்துவிட்டால் நான் தப்பிக்கமுடியாது, அதற்காகத்தான் முதலில் உனக்கு எழுதினேன். ஞாயிறு சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுவேன்.

சௌந்தரராஜப் பெருமாள் உங்கள் மூன்று பேரையும் ஒரு ஆபத்தும் இல்லாமல் காப்பாற்றட்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. கௌசல்யாவைக் குடம் பக்கெட் தூக்கவிடாதே, மாத்திரையை நேரத்துக்குக் கொடு. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பூவை அனுப்பிவிட்டு உன் அம்மா சும்மா உட்கார்ந்திருப்பாள், மறக்காமல் அந்த நேரத்துக்கு அடி. நான் தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
உடையப்பன்