ஒரு பக்கம் மட்டும் மெழுகு பூசிய பைக்

என் அன்பு மாப்பிள்ளை ராசேந்திரனுக்கு,

எண் போடாமல் எனக்கு எழுத வராது. "லெட்டரா, கொஸ்டின் பேப்பரா மச்சான்?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. இருந்தாலும் போட்டுவிடுகிறேன்.

1. சேறு ஒட்டாமலிருக்க உன் பைக்கில் நான் பூசியது.
2. காணும் பொங்கலன்று ஏரியில் நடந்தது.
3. சேற்றை வெல்வது பூச்சுதான், நீ நம்பிய வேகம் அல்ல.

நீ கண்ணை மூடிய பிறகு எத்தனையோ மாறிவிட்டது. 2002-இல் அரியலூரை மறுபடி பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். உன் பைக் மட்டும் கொட்டகையில் அப்படியே நின்றது. தீபாவளியன்று உன் மகள் தேன்மொழி அதைத் துடைத்துவிட்டு, "மாமா, இந்த வருசம் ஏரிப் பந்தயத்துல நான் ஓட்டறேன்" என்றாள்.

என் தங்கை கமலா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள். "உங்கப்பா ஒரு வருசமாவது அந்தச் சேத்துப் பள்ளத்தத் தாண்டியிருக்காரா? நீயும் போயி சிக்கி நின்னுட்டு வா. மறுநாளே வண்டிய வித்துடறேன். அதப் பாக்கப் பாக்க எனக்குத் தூக்கம் வரல."

கமலா சொன்னால் செய்வாள். அது உனக்குத் தெரியாதா?

களிமண் ஈரத்தோடு இரும்பைப் பற்றிக்கொள்கிறது. நடுவில் தண்ணீர் ஒட்டாத படலம் ஒன்று இருந்தால் பிடிப்பு கிடைக்காது. பழைய தகரத் துண்டுகளில் சோதித்தேன். கழிவு ஆயில் பூசியதில் மண் இன்னும் அப்பியது. ஆண்டிமடத்திலிருந்து வரவழைத்த முந்திரிக்கொட்டை எண்ணெய் என் விரலைத்தான் பொத்துப்போக வைத்தது. மெழுகை உருக்கித் தேங்காய் எண்ணெய் சேர்த்து, ஆறியதும் தேய்த்துப் பளபளப்பாக்கியபோது சேறு வழுக்கி விழுந்தது. எனக்கே நம்பிக்கை வராமல் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன்.

பைக்கில் இடப்பக்கம் மட்டும் பூசினேன்.

"பந்தயமா, பரீட்சையா மாமா? ரெண்டு பக்கமும் பூசுங்க."

"ஒரு பக்கத்த விட்டாத்தாம்மா பூச்சு வேல செஞ்சுதான்னு தெரியும்."

சொல்லிவிட்டேனே தவிர, பந்தயம் தொடங்கும்வரை மெழுகு டப்பாவைக் கையிலேயே வைத்திருந்தேன். என் ஒழுங்குமுறையால் உன் வண்டி கைவிட்டுப் போய்விடுமோ?

உனக்குத் தெரிந்ததுதான், இதை வேறு யாராவது படித்தால் புரிவதற்காக ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பள்ளம் கருவேல மரங்களுக்கு அப்பால் இருக்கிறது. கரையிலிருந்து தெரியாது. வண்டியில் ஒட்டிய சேற்றைப் பார்த்துத்தான் பள்ளத்தில் இறங்கியவர் யார், ஓரமாகச் சுற்றி வந்தவர் யார் என்று முடிவு செய்வது எங்கள் ஏரி வழக்கம்.

மரங்களுக்குள்ளிருந்து முதலில் வெளியே வந்தது உன் பைக்தான், மாப்ளே. நான் துண்டைத் தூக்கி வீசினேன். அது எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது.

ஆனால் நடுவர் கலியபெருமாள் வண்டியின் இடப்பக்கம் நின்றிருந்தார். "ஏம்மா தேனு, வண்டி கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு? பள்ளத்துல எறங்குனியா, ஓரமா சுத்திட்டு வந்துட்டியா?"

"துப்பட்டா கசங்காம போயிருக்கும்" என்றான் பின்னால் ஒருவன். கூட்டம் சிரித்தது. தேன்மொழிக்குக் கண் கலங்கிவிட்டது.

பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கக்கூட உன்னை அனுப்பிய ஆள் நான். "அந்தப் பக்கம் பாருங்க" என்றேன். யார் காதிலும் விழவில்லை. கலியபெருமாளின் கையைப் பிடித்து வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

மட்கார்டிலிருந்து கால்மிதி வரை பள்ளத்துச் சேறு, பாசியோடு.

அவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய்ப் பார்த்தார். "என்ன சார் இது, ஒரு பக்கம் மாப்பிள்ள, ஒரு பக்கம் எருமையா?"

விளக்கினேன். பாதி புரியாமலே சிரித்துவிட்டு, உன் மகள் தலையில் பரிவட்டத்தைக் கட்டினார். இரண்டு பக்கமும் பூசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கமலா வண்டியை விற்கப்போவதில்லை. வலப்பக்கச் சேற்றைக் கழுவவும் விடமாட்டேன் என்கிறாள். அடுத்த பொங்கலுக்கும் இடப்பக்கம் மட்டும்தான் பூசுவேன். கரையில் நின்று, நீ கத்துவாயே, அதேபோல் "முறுக்கு, முறுக்கு" என்று கத்துவேன். இது சத்தியம்.

ஏன் அப்படிக் கத்த வேண்டும் என்றால், மாலையில் குனிந்து பார்த்தேன். பூச்சே இல்லாத வலப்பக்கத்திலும் டயரை ஒட்டிய இடத்தில் சேறு அடைக்கவில்லை. வழித்தெடுத்த மாதிரி இருந்தது. தேன்மொழியைக் கேட்டேன். "கைய எடுத்தாத்தான் சேறு புடிக்கும்னு அப்பா சொல்வாருல்ல மாமா. கடைசிவரைக்கும் ஆக்ஸிலேட்டர முறுக்கினேன், அவ்ளோதான்."

என் மெழுகு தகரத்தைத்தான் காத்தது. சக்கரத்தை விடுவித்தது உன் வேகம். மேலே மூன்றாவதாக எழுதியிருப்பது தவறு.

என்றும் உன் மச்சான்,
கமலாவின் அண்ணன்
சிவஞானம்