கையை எடுத்த பிறகு

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் கணவரின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன்: இந்த வருடமும் தேறாவிட்டால் பிரஷ்ஷை மூட்டை கட்டிவிட்டு, ஜன்னலோரத் தையல் மிஷினில் பழையபடி உட்கார்ந்துவிடுவேன். இருபது வருடம் உட்கார்ந்த இடம்தானே. அவர் பஸ் டிரைவர், எதற்கும் பதறமாட்டார். "முதல்ல பொத்தானை இறுக்கித் தை" என்றார்.

ஓவியக் கல்லூரியில் கடைசி வருட வேலையை அறிவித்தார்கள். தலைப்பு, நகர்வு. சக்கர நாற்காலி செய்யும் தொழிற்சாலை ஒன்று எங்களோடு சேர்கிறது. போய்ப் பார்த்து ஆளுக்கொரு படம் வரைய வேண்டும். மதிப்பெண்ணில் பாதி அவர்கள் கையில். பிடித்த படம் ஒன்றை வாசல் கூடத்தில் மாட்டுவார்களாம். வகுப்புப் பிள்ளைகள் என்னை ‘சீனியர்’ என்கிறார்கள். நாற்பத்து மூன்று வயதுக்காரியை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்!

பிப்ரவரி 6, வெள்ளி

தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டினார்கள். ஒரே இரைச்சல். நான்கு போட்டோ எடுத்துக்கொண்டேன். போதும்.

பிப்ரவரி 13, வெள்ளி

முடித்துவிட்டேன்! ஒரே சக்கரத்தை எட்டுத் தடவை, கொஞ்சம் கொஞ்சம் தள்ளி, ஒன்றின் மேல் ஒன்றாக. பின்னால் காற்றைக் கிழிக்கிற மாதிரிக் கோடுகள். ஆசிரியர் பார்த்துவிட்டு "அடடா, ஓடுதுங்க!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மகளிடம் இரண்டு தடவை காட்டினேன். மூன்றாவது தடவை அவள் எழுந்து போய்விட்டாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மூக்குடைபட்ட நாள்.

கருத்துக் கேட்பதற்காகப் படங்களைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சுவரோரம் சாய்த்து வைத்தோம். செய்து முடித்த நாற்காலிகளை ஓட்டிச் சோதிக்கிற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், அவளே சக்கர நாற்காலியில்தான் நடமாடுகிறவள். "வழி, வழி" என்று கத்திக்கொண்டே வருவதால் எல்லோருக்கும் அவள் ‘ஹாரன்’. என் படத்துக்கு முன்னால் தலையைச் சாய்த்தாள்.

"அக்கா, சக்கரம் ஆடுதே!"

"ஆடலைம்மா, ஓடுது."

"ஒழுங்கா ஓடுற சக்கரம் நின்ன மாதிரி இருக்கும்க்கா. இப்படி ஆடினா திருப்பி அனுப்பிடுவேன்."

தேறிய நாற்காலிக்குப் பச்சைச் சீட்டு, தேறாததற்குச் சிவப்பு. அவள் பையிலிருந்து சிவப்பை எடுத்து என் படத்தின் மூலையில் மாட்டிவிட்டாள். அந்தப் பிரிவே கைகொட்டிச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. அவ மேல கோபப்பட்டு என்ன பண்றது? ஒரு தடவையாவது அந்த நாற்காலியில உக்காந்து பாத்தேனா? உக்காந்திருக்கிறவகிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா? அளவெடுக்காம ஒரு சட்டைத்துணிய வெட்டியிருப்பேனா நான் —

பிப்ரவரி 18, புதன்

கணவர் சாப்பிட்டபடியே சொன்னார்: "எட்டு மணி நேரம் பஸ் ஓட்டுறேன். நான் எங்க நகர்றேன்? உட்கார்ந்த இடத்துலதான் இருக்கேன். ரோடுதான் நகருது." ஆறுதல் சொல்கிறாரா, கிண்டலா? தெரியவில்லை. ஆனால் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

தனியாகப் போனேன். "சண்டைக்கா வந்தீங்க?" என்றாள் ஹாரன். "அளவெடுக்க" என்று டேப்பைக் காட்டினேன்.

அவள் சோதிக்கும் விதம் இதுதான்: தரையில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. புது நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஒரே ஒரு தள்ளு. உடனே கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். நாற்காலி தானாகவே கோட்டை விட்டு விலகாமல் கடைசிவரை போக வேண்டும்.

"கையை எடுத்த பிறகுதான்க்கா அதோட குணம் தெரியும்."

என்னையும் உட்கார வைத்தாள். முதல் தள்ளில் நேராகக் குப்பைக் கூடைக்குள் போனேன். மூன்றாவதில் கையை எடுத்தேன். பக்கத்தில் சக்கரத்தின் விளிம்பு அசையாமல் நிற்கிறது, தரை வழுக்கிக்கொண்டு பின்னால் போகிறது! இந்த வயதில் வாய்விட்டுச் சிரித்தேன்.

பிறகு மாடிப்படியில் ஏறி நின்று, அவள் ஓட்டுவதை மேலிருந்து பார்த்தேன். யாரோ தரையைத் துடைத்திருந்தார்கள். ஈரத்தின் மேல் ஏறி, காய்ந்த இடத்துக்கு அவள் வந்ததும், பின்னால் இரண்டு ஈரத்தடங்கள். சக்கரத்தை ஒட்டிப் பளபளப்பு, போகப்போக மங்கல், தூரத்தில் காய்ந்தே போயிருந்தது.

டேப்பால் தடங்களின் இடைவெளியை அளந்து எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

ஏழு நாளாக ஈரம் வரைகிறேன். எண்ணெய் சிந்தின மாதிரியே இருக்கிறது.

மார்ச் 4, புதன்

வந்துவிட்டது. மேலிருந்து பார்க்கும் கோணம். மடியில் கை வைத்திருக்கும் ஹாரன், ஆடாத சக்கரங்கள், பின்னால் காய்ந்துகொண்டே வரும் இரண்டு தடங்கள்.

ஆசிரியர் முகம் சுருங்கியது. "இதுல வேகமே இல்லையே. முந்தினதையே குடுத்துடுங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." ஆனாலும் இதைத்தான் கொடுத்தேன்.

மார்ச் 13, வெள்ளி

மேலாளர், ஆசிரியர், மாணவர்கள் என்று எல்லோரும் தொழிற்சாலைக் கூடத்தில். "இது தேறுமான்னு ஹாரன் சொல்லட்டும்" என்றார் மேலாளர்.

அவள் என் படத்தருகே வந்தாள். இரும்பு ஸ்கேலை எடுத்துத் தடங்களின் இடைவெளியை அளந்தாள், சக்கரத்தை ஒட்டி, நடுவில், காய்ந்த இடத்தில்.

"மூணு இடத்துலயும் ஒரே அளவு" என்றாள்.

பச்சைச் சீட்டை மாட்டிவிட்டு, "வழி, வழி" என்று போய்விட்டாள். சீட்டில் குறிப்பு என்ற இடத்தில் எழுதியிருந்தது: நேராகப் போகிறது.

மார்ச் 15, ஞாயிறு

ஜன்னலோரத்து வெளிச்சம் இனிமேல் படத்துக்கு வேண்டும். தையல் மிஷினை உள்ளறைக்கு மாற்றினோம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவர். அதன் கால்களுக்குச் சக்கரம் கிடையாது, தூக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது.