திருக்கழுக்குன்றத்தில் இறங்கிய விமானம்

12-7-1998, ஞாயிறு

அடையாறில் கணேஷ் வீட்டில் இன்று கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் கூட்டம். ஒரு சிமுலேட்டரில் போட்ட பாதையை இன்னொன்றுக்கு மாற்றும் புரோகிராமை நான்தான் எழுதிக் கொடுத்தேன். திரையில் என் பேரை எடுத்துவிட்டுத் தன் பேரைப் போட்டிருந்தான் கணேஷ். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெங்களூரில் கிளம்பிய விமானம் மீனம்பாக்கத்தை விட்டுவிட்டுத் தெற்கே போய்த் தரையில் மோதியது. மேப்பில் பார்த்தால் திருக்கழுக்குன்றம்.

"கோயிலுக்குக் கழுகு வரலைன்னு உன் பிளேனை அனுப்பிட்டியா மச்சி?" என்று கணேஷைக் கேட்டான் கூட்டத்தில் இருந்த சேகர். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மீனம்பாக்கத்தின் அட்சரேகை, பன்னிரண்டு டிகிரி ஐம்பத்தொன்பது நிமிடம், 12.59 டிகிரி ஆகியிருக்கிறது. நிமிடத்தை அறுபதால் வகுக்க வேண்டும். நான் வகுத்திருந்தேன். அந்த வரி எதற்கு என்று தூக்கிவிட்டான் மடையன் கணேஷ்.

"நான் இன்னாடா பண்றது? எழுதினது இவன்தான்" என்று என்னைக் காட்டினான். அப்போதுதான் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தான். "சரி பண்ணிக் குடு மச்சி, இன்டர்நெட்ல போடணும்."

குடுக்கறேன் என்று சொல்லித் தொலைத்தேன். இப்போது சரி செய்தும் விட்டேன். எவனாவது ஒரு வெள்ளைக்காரன் அவனுக்கு நன்றி சொல்லி மெயில் அனுப்புவான். அதை எனக்கே படித்துக் காட்டுவான்.