நான் தொடாத தட்டு

ஆவணி 12, ஞாயிறு

நான் அப்பவே சொன்னேன், அக்கா பொண்ணு சரண்யாவுக்கு இந்தச் சம்பந்தம் ஆவாதுன்னு. இன்னிக்கு நிச்சயத்துலயே முறிஞ்சுபோச்சு.

மாப்பிள்ளை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்ல கிளார்க்கு. சாயங்காலமானா கால்பந்து. போன வாரம் அவனே ஒரு புத்தகம் கொடுத்தான்: "எனக்குப் புடிச்ச ஆட்டக்காரர் தன் கதையைத் தானே எழுதினது, படிங்க மாமா." ரெண்டே நாள்ல கரைச்சுக் குடிச்சுட்டேன். அந்த ஆட்டக்காரன் நடுவரைத் திட்டினானாம், எதிராளி காலை உடைச்சானாம். அதைப் பெருமையா வேற எழுதியிருக்கான். மிருகம்.

தாய்மாமன் தொட்டாத்தான் தட்டு மாத்துவாங்க. நான் தொடல. புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். "மாப்பிள்ளை கும்பிடற சாமி இதுதான். பொண்டாட்டி பல்லை உடைச்சவன். நூத்திப் பன்னெண்டாம் பக்கம்!"

"அப்படி எதுவும் அதுல இல்லீங்க மாமா"ன்னு எழுந்தான். குரல் நடுங்குச்சு.

"பாத்தீங்களா, இப்பவே எப்படிக் கோவம் வருது!"ன்னேன். சபையே சிரிச்சுது. அவன் அம்மா அழுதாங்க. அழட்டும். அக்கா தட்டைத் திருப்பிக் கொடுத்துட்டா.

"எந்தப் பக்கம்னு சொன்னீங்க மாமா?"ன்னு கேட்டு, சரண்யா புத்தகத்தை வாங்கிட்டுப் போனா. பக்கத்து ரூம்ல இன்னும் லைட் எரியுது. தாள் திருப்பற சத்தம் கேக்குது.

நான் படிச்சது நாப்பது பக்கம். பொண்டாட்டி பல்லு நானாப் போட்டது.