பழைய குவார்ட்டர்ஸில் அப்பா

முனிர்கா
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சிந்துவுக்கு அம்மா எழுதுவது. முருகன் அருளில் இங்கே நாங்கள் சௌக்கியம், நீயும் அந்தக் குளிர்தேசத்தில் சௌக்கியமாக இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அப்போது அங்கே இருந்தது அப்பா, நான், உன் அண்ணா அனிருத், நம் பழைய குவார்ட்டர்ஸில் இப்போது குடியிருக்கும் மாதுரி, அவ்வளவுதான், வேறு யாருக்கும் தெரியாது. போனில் சொல்லலாமென்றால் ஸ்பீக்கரைப் போடச் சொல்லி அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். தமிழை எழுத்துக் கூட்டியாவது நீயே படி.

காப்பிப்பொடி வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட் போனவர், அங்கிருந்து ஆட்டோ பிடித்து கோல் மார்க்கெட்டில் நம் பழைய குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டார். ரிட்டயரானதும் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்த வீடு. மாதுரி கதவைத் திறந்ததும் நேரே உள்ளே போய் உட்கார்ந்து, சமையலறைப் பக்கம் பார்த்து, "காமு, யாரோ வந்திருக்கா பாரு, காப்பி போடு" என்று எனக்குக் குரல் கொடுத்தாராம். நல்லவேளை, அந்தப் பெண் பயப்படவில்லை. "அச்சா அங்கிள்ஜி, பைட்டியே" என்று இந்தியில் உபசரித்து, டீ கொடுத்து, அவர் போனிலிருந்தே எங்களைக் கூப்பிட்டாள். நாங்கள் போய் நின்றதும், "எங்கேடி போயிருந்தே, இந்த அம்மா பாவம் எத்தனை நாழியா காத்திண்டிருக்கா" என்று என்னைக் கோபித்தார். முனிர்கா வந்து இறங்கின பிறகுதான் புரிந்தது போல, "சிந்துகிட்ட சொல்லிடாதே, என்னையும் தொட்டியில போட்டுடுவா" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ சொல்லியிருக்கிறாயே, ஆராய்ச்சிக்காகத் தண்ணீர்த் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மேடை வைத்து எலியை நீந்த விடுவோம், மேடையை இடம் மாற்றினால் இளசு புது இடத்தைக் கற்றுக்கொள்ளும், கிழ எலி பழைய இடத்தையே சுற்றிச் சுற்றி வரும் என்று. வாயில்லா ஜீவனைப் படுத்துகிறாயே என்று அன்றைக்கு உன்னைத் திட்டினேன். களைத்துப் போனால் நானே கையில் எடுத்துத் துடைத்து விளக்குச் சூட்டில் வைப்பேன்மா என்றாய். செவ்வாயிலிருந்து அந்த வார்த்தைதான் மனசில் ஓடுகிறது.

டாக்டர், ஸ்கேன் எல்லாம் அனிருத் பார்த்துக்கொள்கிறான், உன்னிடம் மருந்து கேட்கவில்லை. கிழ எலிகளை நடுவில் விட்டு வந்தால் உழைப்பெல்லாம் வீண், மார்ச்சுக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறாய். அதுவரை அப்பாவை நான் எப்படி இப்படியே நிறுத்தி வைப்பேன்? இன்றைக்கு யார் பெல் அடித்தாலும் "சிந்துவா?" என்கிறார். உன் முகம் அவருக்கு அடையாளம் தெரிகிறபோதே வந்து முன்னால் நில். அவருக்காக மட்டும் என்று நினைக்காதே, எனக்கும் உன்னைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

ஈரத் தலையோடு வெளியே போகாதே, வேளைக்குச் சாப்பிடு. மலைமந்திர் கோயில் சுவாமிநாதன் உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும். அப்பாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. எப்போது வருகிறாய் என்று சீக்கிரம் பதில் எழுது.

ஆசீர்வாதத்துடன்,
அம்மா காமாக்ஷி