தோசை நின்ற பிறகு

ஜூலை 3, வெள்ளி

டிவியை உள்ளறையிலிருந்து கழற்றி என் மெஸ்ஸின் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டியாயிற்று. மாவு அரைத்துக்கொண்டிருந்த சின்னம்மாள் அக்கா எட்டிப் பார்த்து, "நீ சமைக்கப் போறியா, நியூஸ் பாக்கப் போறியா?" என்றாள். இரண்டும்தான். வளைகுடாவில் சண்டை தொடங்கி ஐந்து நாள். என் வீட்டுக்காரர் வெல்டராக இருக்கிற துறைமுகத்தின் பெயரை எந்த நேரத்தில் சொல்வார்களோ! தோசைக்கல்லை விட்டு நான் நகர முடியாது, பார்த்துச் சொல்ல மகள் கிரேசியும் பள்ளிக்கூடம் போய்விடுகிறாள்.

காலையில் பேசினார். "சத்தம் கேக்குது மேரி, ஆனா தூரம்." எவ்வளவு தூரம் என்றேன். "நம்ம சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் உள்ள தூரம்." அதெல்லாம் ஒரு தூரமா? ஒரு மணி நேர பஸ்.

ஜூலை 7

டிவி வந்ததும் கூட்டம் கூடிவிட்டது. பேங்க் அன்பரசு ஒரு கட்சி. காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில்லிலிருந்து வசூலுக்கு வரும் தட்சிணாமூர்த்தி எதிர்க்கட்சி. இருவருக்கும் நடுவில் என் சாம்பார் வாளி.

"ஒரு மாசம் ஆனாலும் சரி, ஆறு மாசம் ஆனாலும் சரி, பின்வாங்கவே கூடாது" என்று அன்பரசு தோசையைப் பிய்த்துக்கொண்டே சொல்கிறார். யாருக்குச் சொல்கிறார்? "அண்ணன் பத்திரமா இருக்காருல்லக்கா?" என்று என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுபடி ஆரம்பிக்கிறார். அந்த மட்டும் மரியாதை உண்டு.

நான் மட்டும் யோக்கியமா? என் வீட்டுக்காரர் இருக்கிற நாட்டுக்காரன் திருப்பி அடித்ததைக் காட்டினார்கள். நல்லா வேணும் என்று எனக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

ஜூலை 9

இன்று அவர் பேசவில்லை. அனுப்பிய மெசேஜுக்கு ஒற்றை டிக்.

ஜூலை 16

கடைக்கான சிலிண்டர் வரவில்லை. "கேஸ் கப்பலே வரலம்மா. வந்தாலும் மொதல்ல வீடுங்களுக்குத்தான்" என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். கையில் ஒன்றரை சிலிண்டர்தான். தோசையை நிறுத்திவிட்டேன். தோசை என்றால் அடுப்பு விடாமல் எரியவேண்டும். இட்லி ஒரே ஈட்டில் இறங்கிவிடும்.

"தோசை இல்லை" என்று எழுதி மாட்டிய அட்டையை அன்பரசு மூன்று முறை படித்தார். "ஊத்தப்பமாவது?" என்றார். அதுவும் அதே கல்தானே ஐயா. இன்றைக்கு டிவி பக்கம் அவர் திரும்பவே இல்லை.

ஜூலை 21

அவரோடு போனில் நாலு நிமிடம் கிடைத்தது. விமானநிலையத்தை மூடிவிட்டார்களாம், யாரும் கிளம்ப முடியாதாம். வழக்கம்போல, "இன்னிக்கி என்னா கொழம்பு?" என்றார். வெண்டைக்காய்க் காரக்குழம்பு, அப்பளம், வாழைக்காய் வறுவல் என்று அடுக்கினேன். மெஸ்ஸில் இன்று தயிர்சாதமும் ஊறுகாயும். அந்த கேம்பில் காய்ந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருக்கிறவரிடம் அதைச் சொல்வானேன்?

போனை வைத்ததும் கஞ்சி வடிக்கப் போனேன். அந்த அண்டாவைச் சாய்க்க இரண்டு பேர் வேண்டும். லீவில் வந்தால் நான் கூப்பிடாமலே வந்து ஒரு பக்கம் பிடிப்பார். ஆவி முகத்தில் அடிக்கும்போது, "தள்ளி நில்லுடி" என்பார். சின்னம்மாள் அக்காவும் நன்றாகத்தான் பிடிக்கிறாள். எனக்கு அவர் வேண்டும். வேறு எப்படி எழுதுவது?

ஜூலை 28

இட்லியும் நின்றது. கொல்லையில் விறகடுப்பு மூட்டி மதியச் சோறு மட்டும். என் புடவை, தலைமுடி, கிரேசியின் யூனிபார்ம் எல்லாம் புகை வாடை.

ஜனங்களுக்குக் கஷ்டம் தெரிந்தால் சண்டை போதும் என்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். போதும் என்றுதான் சொல்கிறார்கள். எப்படி என்றால், "நாள்கணக்கா என்னாத்துக்கு இழுத்துக்கிட்டு? பெருசா ஒண்ணு போட்டு ஒரேயடியா முடிச்சிவுட்டா நம்ம பொழப்பப் பாக்கலாம்" என்றார் தட்சிணாமூர்த்தி. இந்த ஒரு மாதத்தில் முதல் தடவையாக அன்பரசு, "அதான் சரி மச்சான்" என்றார். சண்டையில் சேராதவர்கள் சோற்றில் சேர்ந்துவிட்டார்கள்.

அந்தப் பெரிய ஒன்று எங்கே விழும்? ரசத்தைக் கொண்டுபோய் ணங்கென்று வைத்தேன். யாருக்கும் உறைக்கவில்லை.

ஆகஸ்ட் 1, சனி

கடலூர் முதுநகரில் கொழுந்தன் அந்தோணிசாமி தன் வீட்டு சிலிண்டரைத் தருவதாகச் சொன்னார். கடைக்கு அதை எரிப்பது குற்றம், இங்கே எழுதியிருக்கவே கூடாது. அவருக்கு ஷிப்டு என்பதால் கேஸ் புத்தகத்தை வாங்கிக்கொண்டு நானும் கிரேசியும் வரிசையில் நின்றோம். நாலு மணி நேரம், தலைக்கு மேலே வெயில். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.

அப்போது என் வாயிலிருந்து வந்தது— "எவனாச்சும் பெருசா ஒண்ணப் போட்டு முடிச்சித் தொலைங்களேன்டா!"

பக்கத்தில் நின்ற பெண்கள், "சரியாச் சொன்னக்கா" என்றார்கள். ஒருத்தி கையைக்கூடத் தட்டினாள். கிரேசி மட்டும் என்னைப் பார்த்து, "அம்மா, அப்பா அங்கதான் இருக்காரு" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆகஸ்ட் 2

இன்று சர்ச்சில் பூசைக்குப் போகவில்லை. எந்த முகத்தோட போறது? அவரு அங்க இருக்காருன்னு தெரிஞ்சும் நான்தான் சொன்னேன். தட்சிணாமூர்த்தி சொன்னப்ப வவுறு எரிஞ்சுதே— நாலு மணி நேரம் நின்னதுக்கே எனக்கு இந்த வாய்னா, நான் யாரைச் சொல்ல?

ஆகஸ்ட் 5

நாலு நாளாகப் போன் இல்லை. மதியம் டிவியில் அவர் துறைமுகத்தின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். கறுப்புப் புகை. எது கிரேன், எது கப்பல் என்று தெரியவில்லை. கரண்டியோடு நின்றுகொண்டே இருந்தேன். கூடம் முழுக்கச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. அன்பரசு பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டு வந்து, "அண்ணனுக்கு வேற ஷிப்டா இருக்கும்க்கா" என்றார். பாவம், அவர் குரலும் சரியாக இல்லை.

நான் கேட்டது கிடைத்துவிட்டதா?

ஆகஸ்ட் 6

இருக்கிறார். யாரோ ஒரு பரங்கிப்பேட்டைக்காரர் போனிலிருந்து பேசினார். கையில் தீக்காயம். "நல்லாருக்கேன், அழுவாத" என்றார். நான் அழுதேன். கிரேசி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 19

சண்டை நின்று எட்டு நாள். நேற்று சிலிண்டர் வந்தது, இன்று கல்லைப் போட்டேன். அன்பரசு நாலு தோசை, தட்சிணாமூர்த்தி ஐந்து. ஐந்தாவதைத் தின்றுகொண்டே, "இவ்ளோ சீக்கிரம் நிறுத்தியிருக்கக் கூடாதுய்யா" என்கிறார். "ஆமா, இன்னும் ரெண்டு வாரம் தாக்குப் புடிச்சிருக்கணும்" என்று அன்பரசு. டிவியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன். கேட்டவர்களிடம் ரிப்பேர் என்றேன்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

நேற்று வந்துவிட்டார். இளைத்துப்போயிருக்கிறார், இடது கையில் கட்டு. பூசை முடிந்து வந்து கூடத்தில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். ஞாயிறு விடுமுறை என்பதால் வேறு யாருமில்லை.

"அங்க கேம்புல டிவியும் கெடையாது, நெட்டும் கெடையாது. இங்கல்லாம் என்னா பேசிக்கிட்டாங்க?" என்று கேட்டார்.

நான் அவர் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். கிரேசிதான் சொன்னாள். "எல்லாரும் சீக்கிரம் முடியணும்னு சொன்னாங்கப்பா. அம்மாவும்தான்."

"நாங்களும் அதத்தான் வேண்டிக்கிட்டோம்" என்று சொல்லிவிட்டு எனக்கு இரண்டு துண்டு மீனை எடுத்து வைத்தார்.

இதை எழுதும்போது எதிரில்தான் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். வரிசையில் நான் சொன்னதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.